மினோ விக்கிற சின்னக் கடைகளுக்கு இந்த இரைமீன் வலயச் சட்டம் கட்டுப்படியாகுமா? (ஒன்ராறியோ, கனடா)

சந்திக்கடை எழுதியது:

வணக்கம் உறவுகளே.

ரொறன்ரோவுக்கு வடக்கை, கொட்டேஜ் ஊர் ஒண்டிலை காஸ் ஸ்ரேஷனோடை சேர்ந்த கடை எங்கடை. பால், பாண், லொட்டோவோடை தூண்டிலுக்கு இரையாப் போடுற சின்ன மீன், உயிர் மினோவும் அட்டையும் விக்கிறம். கடை வாங்கேக்கையே பின்பக்கம் மினோத் தாங்கி இருந்தது. முந்தி வைச்சிருந்த கிழவர் நிண்டு எல்லாம் காட்டித் தந்தவர். பைப் தண்ணியை நேரை விட்டால் குளோரின் கொண்டுபோடும், கிணத்துத் தண்ணிதான் விடோணும். தண்ணி குளிரா இருக்கோணும், காத்துப் பம்ப் ஒரு நிமிசமும் நிக்கக்கூடாது. விடிய எழும்பினவுடனை வயிறு மேலை திரும்பிக் கிடக்கிறதுகளை அள்ளி எறிஞ்சிட்டுத்தான் கதவு திறக்கிறது. மினோவிலை பெரிய லாபம் இல்லை. ஆனால் அஞ்சு மணிக்கு வாளியோடை வாற ஆள் கோப்பி, சாண்ட்விச், ஐஸ், கையுறை எல்லாம் வாங்கிக்கொண்டுதான் போவார். கடையை நிமித்தி வைச்சிருக்கிறது அந்த வாளிதான்.

மீன் வருத்தமும் வெளியிலையிருந்து வந்த உயிரினமும் ஏரிக்கு ஏரி பரவக்கூடாதெண்டு, 2022 தை 1ஆம் திகதியிலையிருந்து மாகாணம் நாலு இரைமீன் வலயமாப் பிரிஞ்சது உங்களுக்குத் தெரியும். மினோவோ அட்டையோ, உயிரோடை இருந்தாலும் செத்திருந்தாலும், ஒரு வலயத்திலையிருந்து மற்றதுக்குக் கொண்டுபோகேலாது. வேறை வலயத்து ஆள் இஞ்சை வந்து தூண்டில் போடுறதெண்டால் இஞ்சைதான் வாங்கோணும், ரசீது வைச்சிருக்கோணும், 2 கிழமைக்குள்ளை பாவிச்சு முடிக்கோணும் அல்லது கழிச்சு விடோணும். என்ரை கடைக்கு வாறவையிலை பாதிக்கு மேலை ரொறன்ரோப் பக்கத்து ஆக்கள். அப்ப ஒவ்வொருத்தருக்கும் ரசீது. என்ரை கல்லாப்பெட்டி ரசீதிலை மினோ விக்கிற லைசென்ஸ் நம்பரை அடிக்காது, கையாலை எழுதுறன். யாரிட்டை வாங்கினன், எவ்வளவு வந்தது எண்டு பதிவுப் புத்தகம் வேறை. வரிசையிலை பத்துப்பேர் கால் மாத்திக்கொண்டு நிக்கேக்கை இதைச் செய்து பாருங்கோ.

அதைவிடப் பெரிசு சரக்கு. முந்தி எங்கடை பக்கத்து ஏரியிலை ஷைனர் எண்ட மினோ படாட்டி, கொண்டுவந்து தாறவர் தெற்கிலை எடுத்துச் சமாளிப்பார். இப்ப அது ஏலாது. மாசி மாதம் பமிலி டே வார இறுதி, கனடாவிலை இருக்கிற எல்லாரும் லைசென்ஸ் இல்லாமலே மீன் பிடிக்கலாம், குடும்பம் குடும்பமா வருவினம். அண்டைக்குத் தாங்கி காலி. பிள்ளையளோடை வந்தவையை வெறுங்கையோடை அனுப்பினன்.

சட்டம் வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. இதை எழுதினவை கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிக்கிற ஆளை ஒருக்கா எண்டாலும் யோசிச்சவையோ எண்டுதான் கேக்கிறன். மனுசி மினோ விக்கிறதை விடச் சொல்லுறா. வேறை ஆரும் இந்த வியாபாரத்திலை இருந்தால் சொல்லுங்கோ.

---

ஐஸ்துளை எழுதியது:

அண்ணை, வாங்கிற பக்கத்துக் கதையையும் கேளுங்கோ. நான் மாரியிலை சிம்கோ ஏரி, கோடையிலை இன்னும் வடக்கை போறனான். முந்தி ரொறன்ரோவிலை மலிவா வாங்கி, மிஞ்சினதை உப்புப் போட்டு பிரீசரிலை வைச்சு, அடுத்த முறை கொண்டுபோவன். இப்ப செத்த மினோவை வலயம் தாண்டிக் கொண்டுபோனாலும் குற்றம். செத்த மீன் என்ன வருத்தத்தைப் பரப்பப் போகுது?

எங்கடை ஏரியளுக்குச் சொந்தமில்லாத கோபி மீனையும் வரிச்சிப்பியையும் கொண்டுவந்தது ஆர்? கடல்கடந்து வந்த பெரிய கப்பல்கள், பாரத்துக்கு அடியிலை நிரப்பிக்கொண்டு வாற தண்ணியோடை. அவைக்கு ஒண்டுமில்லை. வாளியோடை நிக்கிற எங்களுக்குத்தான் தண்டம். எனக்கு இதிலை நியாயம் விளங்கேல்லை.

---

நன்னீர் எழுதியது:

//செத்த மீன் என்ன வருத்தத்தைப் பரப்பப் போகுது?//

தம்பி, நான் இந்தத் துறையில் படித்தவள், சில காலம் ஆய்வுகூடத்திலும் வேலை செய்தவள். அதனால் இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல விடுங்கள்.

வி.எச்.எஸ். என்ற வைரஸ் நோய்தான் இந்தக் கதையின் தொடக்கம். மீனின் தோலிலும் உள்ளுறுப்புகளிலும் இரத்தம் கசியும், கண் பிதுங்கும், கூட்டமாகச் சாகும். மனிதருக்கு ஒன்றும் செய்யாது. 2005இல் ஒன்ராறியோ ஏரியின் குவின்ரே குடாவில் ட்ரம் மீன்கள் பெருந்தொகையாகச் செத்து மிதந்தபோதுதான் இது பேரேரிகளில் இருப்பது தெரிய வந்தது. பிறகு சென் லோறன்ஸ் ஆற்றில் மஸ்கி, ஈரி ஏரியில் பேர்ச் என்று போனது. 2011இல் சிம்கோவிலும் கண்டுபிடித்தார்கள். மீனை உறைய வைப்பதால் இந்த வைரஸ் முழுதாகச் சாகாது. உங்கள் பிரீசரிலிருந்து போகும் மினோ இன்னொரு ஏரித் தண்ணீரில் உருகும்போது வைரஸ் உயிரோடு இருக்கலாம். அதனால்தான் சட்டத்தில் "உயிரோடோ செத்தோ" என்று இருக்கிறது.

கப்பல் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. வரிச்சிப்பி 1988இல் சென் கிளையர் ஏரியில், ரவுண்ட் கோபி 1990இல் சென் கிளையர் ஆற்றில், இரண்டும் கப்பல் தண்ணீரில் வந்தவை. ஆனால் சிம்கோவுக்குக் கடல் கப்பல் வருவதில்லையே. 2004இல் சிம்கோவில் விழும் பெஃபர்லோ ஆற்றில் தூண்டில்காரர் ஒருவரிடம் ஒரு கோபி மாட்டியது. அடுத்த ஆண்டு ஐப்பசியில் அரசு அந்த ஆற்றில் ரோட்டினோன் என்ற மீன்கொல்லி மருந்தை ஊற்றியது. அந்தப் பகுதியில் இருந்த மற்ற மீன்களும் சேர்ந்துதான் செத்தன. அப்படியும் 2006இல் கோபி ஏரிக்குள் வந்துவிட்டது. இன்றைக்கு நீங்கள் சிம்கோவில் பேர்ச்சுக்குத் தூண்டில் போட்டால் கோபி வந்து மாட்டுகிறதா இல்லையா? ஒரு ஆற்றையே நஞ்சூட்டியும் திருப்பி எடுக்க முடியாத விஷயம் இது. உள்நாட்டு ஏரிகளுக்கு இவை போகும் முக்கிய வழிகளில் ஒன்று இரைவாளி. ரஸ்ரி கிறேஃபிஷ் என்ற நன்னீர் இறால் போன்ற உயிரினம் 1960களில் ஒன்ராறியோவுக்குள் வந்ததும் தூண்டில்காரர் கையால்தான் என்று கருதுகிறார்கள்.

சந்திக்கடை அண்ணா, உங்கள் வேதனை எனக்கு விளங்குகிறது. ஆனால் அடிப்படை நியாயம் இருக்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டியிருந்தது.

---

சந்திக்கடை எழுதியது:

தங்கச்சி, நன்றி. இவ்வளவு விளக்கமா ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்லை. வந்தது ஒரு தாளும் ஒரு வரைபடமும்.

ஆனால் ஒரு கேள்வி. வலயம் நாலுதானே. ஒவ்வொண்டும் எவ்வளவு பெரிசு! ஒரே வலயத்துக்குள்ளை, கோபி இருக்கிற ஏரியிலை அள்ளினதை நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தள்ளி, ஒரு பிரச்சினையும் இல்லாத ஏரிக்குக் கொண்டுபோகலாம். ரசீது கூடக் கேக்கமாட்டினம், ஏனெண்டால் சொந்த வலயம். ஆனால் எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கடை வைச்சிருக்கிற நான், அந்தப் பக்கம் 20 நிமிசத்திலை இருக்கிற மினோக்காரரிட்டை வாங்கேலாது. வருத்தத்துக்குக் கோடு தெரியுமோ?

---

நன்னீர் எழுதியது:

இல்லை, தெரியாது. அந்த இடத்தில் நான் உங்களோடு நிற்கிறேன். ஒன்ராறியோவில் 250,000க்கு மேல் ஏரிகள். உண்மையான ஆபத்து ஏரிக்கு ஏரி நடக்கிற நகர்வில் இருக்கிறது. வலயம் என்பது நிர்வாக வசதிக்குப் போட்ட கோடு. நீண்ட தூரப் பயணத்தைக் குறைக்கும், அது நல்லது. கிட்டத்து நகர்வைத் தொடவே தொடாது. அதற்கு இருப்பது இரண்டே பாதுகாப்பு: வாளித் தண்ணீரை ஏரியிலோ கரையிலிருந்து 30 மீற்றருக்குள்ளோ ஊற்றக்கூடாது என்ற விதி, மற்றது மினோவைப் பிடிக்கிறவர் கண்.

---

வலைக்காரன் எழுதியது:

அந்தக் கண்ணைப் பற்றி நான் சொல்லுறன். வந்த புதிசிலை மாரி காலங்களிலை ஒரு மினோக்காரரோடை வேலை செய்தனான். இப்பவும் ஆள் கூப்பிட்டால் போறனான். அவருக்கு எண்டு ஒரு பிடிபகுதி, லைசென்ஸிலை எழுதியிருக்கும், அதுக்கு வெளியிலை ஒரு பொறியும் வைக்கேலாது.

பொறியைத் தூக்கினால் நேரை தாங்கிக்குப் போகாது. தட்டிலை கொட்டி, தண்ணி ஓட ஓடப் பிரிக்கோணும். எமரால்ட் ஷைனர் சரியான மெல்லிசான மீன், கை பட்டாலே செதில் கழரும், செதில் கழண்டது விடியிறதுக்குள்ளை சாகும். அதாலை சின்ன வலைக்கரண்டியாலைதான் எல்லாம். கோபிக் குஞ்சை எப்பிடிப் பிடிக்கிறதெண்டு அவர்தான் காட்டினவர்: முன் முதுகுச் செட்டையிலை ஒரு கறுப்புப் பொட்டு. திருப்பிப் பார்த்தால் வயித்துச் செட்டை ரெண்டும் ஒட்டி ஒரு கிண்ணம் மாதிரி இருக்கும், அதாலை கல்லிலை ஒட்டும். எங்கடை ஸ்கல்பின் மீன் பார்வைக்குக் கோபி போலத்தான், ஆனால் செட்டை ரெண்டாப் பிரிஞ்சிருக்கும். குளிரிலை கை விறைச்சுப்போய் நிக்கேக்கை விரல் நுனி அளவு குஞ்சைத் திருப்பிப் பார்த்துப் பிரிக்கிற ஆள் அவர். தொற்று எந்தப் படியிலை வரும், எங்கை மறிக்கிறதெண்டு பயிற்சி எடுத்து எழுதி வைச்சிருக்கோணும் எண்டதும் சட்டம். அதுக்கு அவர் ஒருநாளும் முணுமுணுத்ததில்லை, அது தன்ரை தொழிலுக்கு நல்லது எண்டார்.

அவருக்கு இப்ப வயசு போட்டுது. பிள்ளையள் ஒருத்தரும் வரமாட்டினம். பிடிபகுதியை எடுக்க ஆள் இல்லை. அந்தப் பக்கம் இருக்கிற மற்ற மினோக்காரரும் அநேகமா அவர் வயசுதான். சட்டம் எழுதிறவை இதைப் பார்க்கோணும். மினோக்காரர் போனால், சந்திக்கடை அண்ணை மாதிரிக் கடையள் மூடினால், சனம் மீன் பிடிக்கிறதை நிப்பாட்டுமோ? நிப்பாட்டாது. தானே பொறி வைக்கும். கோபி எது ஸ்கல்பின் எது எண்டு தெரியாத ஆயிரம் பேர் ஆயிரம் வாளியோடை திரிவினம். இப்ப இருக்கிற ஆபத்தை விட அது எத்தினை மடங்கு?

---

ரஞ்சி_ஸ்காபரோ எழுதியது:

இடையிலை வாறதுக்கு மன்னிக்கோணும். பொறி எண்டதும் கேக்கிறன். நாங்கள் ஒவ்வொரு ஆடி மாதமும் வடக்கை கொட்டேஜ் எடுக்கிறனாங்கள். பிள்ளையளுக்கு ஒரு மினோப் பொறி வாங்கி வைச்சிருக்கிறன். அவையளுக்கு மீன் பிடிக்கிறதை விட அந்தப் பொறியைத் தூக்கிப் பாக்கிறதுதான் சந்தோசம். அது செய்யலாமோ?

---

வலைக்காரன் எழுதியது:

அக்கா, உங்கடை நிரந்தர வீடு எந்த வலயத்திலையோ அதுக்குள்ளை மட்டும்தான் நீங்கள் பொறி வைக்கலாம். கொட்டேஜ் வேறை வலயத்திலை எண்டால் வைக்கேலாது, அங்கை கடையிலைதான் வாங்கோணும். சொந்த வலயத்திலை எண்டால் ஒரு பொறி, 51 சென்ரிமீற்றர் நீளம், 31 அகலத்துக்கு மேலை போகக்கூடாது, பொறியிலை பெயரும் விலாசமும் எழுதியிருக்கோணும். வாங்கினது பிடிச்சது எல்லாம் சேர்த்து 120 மினோவுக்கு மேலை வைச்சிருக்கேலாது. கிறேஃபிஷ் எண்டால் பிடிச்ச ஏரியிலையே பாவிக்கோணும், கரையாலை கொண்டுபோகவே கூடாது.

போற இடம் எந்த வலயம் எண்டு போக முதல் மாகாண மீன்பிடி விதிப் புத்தகத்தின்ரை வரைபடத்திலை பாருங்கோ.

---

ரஞ்சி_ஸ்காபரோ எழுதியது:

நன்றி தம்பி. கடையிலை கேட்டபோது ஒருத்தரும் இதைச் சொல்லேல்லை, பொறியை வித்தவையும் சொல்லேல்லை. பிள்ளையளுக்கு என்ன சொல்லிறதெண்டு யோசிக்கிறன். அவையளுக்குக் கோபிக் கதையைச் சொன்னால் விளங்கும் எண்டு நினைக்கிறன்.

---

மட்டுறுத்துநர்:

எல்லை தாண்டி மினோ கொண்டுபோவது எப்படி என்று விளக்கிய ஒரு பதிவு நீக்கப்பட்டது. சட்டத்தோடு உடன்படாமல் இருக்கலாம், மீறுவதற்கு வழி சொல்ல வேண்டாம்.

---

பத்தாயிரம்ஏரி எழுதியது:

வணக்கம் அண்ணே. நான் மதுரைப் பக்கம், இப்ப மின்னியாபொலிஸ்ல இருக்கேன். உங்க ஊர்க் கதை எங்க ஊர்க் கதை மாதிரியே இருக்கு, அதான் எழுதுறேன்.

மின்னசோட்டாவுல தூண்டில் போடுறதுக்கு வெளி மாநிலத்து உயிர் மினோவை உள்ள கொண்டுவரவே முடியாது. இங்க வால்ஐ மீனுக்கு கோல்டன் ஷைனர்னா உசுரு. அது கிடைக்காத சீசன்ல கடைக்காரங்க படுற பாடு எனக்குத் தெரியும். தெற்கே ஆர்கன்ஸால, லோனோக் கவுண்டி பக்கம், குளம் வெட்டி இதே கோல்டன் ஷைனரை வளர்க்குறாங்க. அமெரிக்காவுல பண்ணையில வளர்ற இரைமீன்ல பெரும்பகுதி அந்த மாநிலத்துலேருந்துதான் வருது. மாநில அரசே சோதிச்சு சான்றிதழ் கொடுக்குது. ஆனாலும் இங்க கதவு திறக்கல. நம்ம ஏரியில பிடிச்ச மீன்தான் நமக்குப் பாதுகாப்புன்னு ஒரு பக்கம், சான்றிதழ் வாங்கின பண்ணை மீன் காட்டுமீனை விடச் சுத்தம்னு இன்னொரு பக்கம். எனக்கு ரெண்டாவது பக்கம்தான் சரின்னு படுது. குளத்துல வளர்ந்த மீனுக்கு வரலாறு இருக்கு, யார் வளர்த்தா, எப்ப சோதிச்சான்னு சொல்லலாம்.

ஒரு நல்ல விஷயமும் இருக்கு. ஏரியை விட்டுக் கிளம்பும்போது வாளித் தண்ணியைக் கீழ கொட்டிட்டு, மினோவை வச்சுக்கணும்னா குழாய்த் தண்ணியோ பாட்டில் தண்ணியோ மாத்தணும். அதனால நாங்க எல்லாரும் வண்டியில தண்ணி கேன் வச்சிருப்போம். பழகிடுச்சு. சாதாரண விதி, ஏரிக்கு ஏரி வேலை செய்யுது, யாருக்கும் ரசீது வேண்டாம்.

2006 அக்டோபர் 24ல அமெரிக்க மத்திய அரசு திடீர்னு போட்ட உத்தரவு ஞாபகம் இருக்கா? நன்னீர் மேடம் சொன்ன அதே வி.எச்.எஸ்.காக, பேரேரியைச் சுத்தின 8 மாநிலத்துலேருந்து 37 வகை மீனை உயிரோட வெளிய அனுப்பத் தடை. ஒன்டாரியோ, கியூபெக்லேருந்து உள்ள வரவும் தடை. முன்னறிவிப்பே இல்ல. அப்புறம் திருத்தம் மேல திருத்தம் போட்டு, 2014ல ஒரேயடியா எடுத்துட்டாங்க, மாநிலங்களோட சொந்த விதியே போதும்னு. நடுவுல எத்தனை சின்ன வியாபாரி காணாமப் போனாங்களோ.

---

நன்னீர் எழுதியது:

அந்த உத்தரவைப் பற்றி நீங்கள் சொன்னது நல்லதாகப் போயிற்று. அந்த நேரத்தில் சோதனைதான் எல்லாருக்கும் தலையிடி. ஒரு தொகுதியில் இருபதில் ஒரு மீனுக்கு நோய் இருந்தாலும் அதை 95 வீத உறுதியோடு பிடிக்க ஏறத்தாழ 60 மீனை எடுத்துச் சோதிக்க வேண்டும். உயிரணு வளர்ப்பில் வைரஸ் வளர்கிறதா என்று பார்த்து முடிவு சொல்லச் சில கிழமைகள் ஆகும். பண்ணைக்காரருக்கு அது சரி, அவருடைய மீன் குளத்தில் காத்திருக்கும். காட்டு ஏரியில் ஷைனர் பிடிக்கிறவரின் மீன் தாங்கியில் அவ்வளவு நாள் இராது. ஒரே சோதனை, ஆனால் ஒருவருக்குச் செலவு, மற்றவருக்குத் தொழிலே முடிந்தது. ஒன்ராறியோவில் விற்கிற மினோவில் பெரும்பகுதி காட்டில் பிடித்தது என்பதால் இங்கே சான்றிதழ் முறையை அப்படியே கொண்டுவருவதும் கடினம்.

---

ஐஸ்துளை எழுதியது:

அப்ப முழுசாத் தடை செய்தால் என்ன? கியூபெக் 2017இலை உயிர் மினோவை நிப்பாட்டினதுதானே. அல்பேட்டாவிலையும் உயிர்மீன் இரைக்குப் போடேலாது. அங்கை சனம் மீன் பிடிக்காமலா இருக்கு? பிளாஸ்ரிக் இரையும் ஜிக் எண்ட பாரத்தலைத் தூண்டிலும் போட்டுப் பிடிக்குது. ஆள் பாதி கடை பாதி எண்டு சுமையைப் பிரிச்சுக் குடுக்கிறதை விட இது நேர்மை. நன்னீர் அக்கா சொன்னதை வாசிச்ச பிறகு பிரீசரிலை இருந்ததை நான் குப்பைக்குப் போட்டிட்டன், அது வேறை கதை.

---

சந்திக்கடை எழுதியது:

தம்பி, ஒருவேளை ஒருநாள் அப்பிடித்தான் வரும். வந்தால் நான் தாங்கியைக் கழட்டிப்போட்டு பிளாஸ்ரிக் இரை மாட்டுவன். ஆனால் நாலு வயசுப் பிள்ளை முதன்முதல் ஐஸ் துளைக்கு மேலை குந்தியிருந்து, மினோவைப் பேர்ச் இழுத்துக்கொண்டு போறதைக் காண்ற முகத்தை நான் கண்டிருக்கிறன். இதை மூடிறது லேசு. திருப்பித் திறக்க ஒருத்தரும் வரமாட்டினம். அதுக்கு முதல் சரிப்படுத்திப் பார்க்கோணும் எண்டது என்ரை எண்ணம்.

வலைக்காரன் சொன்னதுதான் மையம். இந்தச் சட்டத்தை நாளாந்தம் நடைமுறைப்படுத்திறது ஆர்? அதிகாரி என்ரை கடைக்கு எப்பவாவது ஒருக்கா வாறார். வந்த ஒருத்தர் நான் எழுதின திகதி விளங்கேல்லை எண்டு எச்சரிச்சிட்டுப் போனார். பரவாயில்லை, அது அவற்றை வேலை. ஆனால் "வாளியை ஏரியிலை ஊத்தாதேங்கோ, 30 மீற்றர் தள்ளி ஊத்துங்கோ, மிஞ்சினதை வீட்டுக்குக் கொண்டுபோகாதேங்கோ" எண்டு ஒவ்வொரு விடியலும் வாளிக்கு வாளி சொல்லிறது நானும் மனுசியும். ரஞ்சி அக்காவுக்குப் பொறி வித்த கடையிலை அதைச் சொல்ல ஆள் இல்லை. கவுண்டரிலை சொன்னால் சனம் கேக்குது, ஏனெண்டால் கையிலை மினோ இருக்கு. எங்களை ஒரு காவல் மாதிரி நினைச்சு உதவினால் சட்டம் நிக்கும். எழுத்து வேலையாலை நெரிச்சால் நாங்கள் விட்டிட்டுப் போவம், காவலும் போயிடும்.

அமைச்சுக்கு ஒரு கடிதம் எழுதப் போறன். மாகாணத்தின்ரை சுற்றுச்சூழல் பதிவேட்டிலை திருத்தம் ஏதும் கருத்துக்கு வந்தால் அங்கையும் போடுவன். கேக்கப் போறது: லைசென்ஸ் நம்பரோடை ஏற்கனவே அச்சடிச்ச ரசீதுப் புத்தகத்தை லைசென்ஸோடை சேர்த்தே தாங்கோ. எல்லைக்கோட்டிலையிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள்ளை இருக்கிற கடையளுக்கு, பக்கத்து வலயத்திலை பயிற்சி எடுத்த மினோக்காரரிட்டை வாங்க அனுமதி தாங்கோ, எந்த ஏரியிலை பிடிச்சதெண்டு எழுதினால் காணும். பத்தாயிரம்ஏரி தம்பி சொன்ன தண்ணி மாத்திற விதியை இஞ்சையும் கொண்டுவாங்கோ, அது வலயத்துக்குள்ளையும் வேலை செய்யும். வயசான மினோக்காரரின்ரை பிடிபகுதியை எடுக்க வாற இளம் ஆக்களுக்கு முதல் சில வருசம் கட்டணத்தைக் குறையுங்கோ.

என்ரை இங்கிலீஷ் எழுத்து அவ்வளவு நேர்த்தி இல்லை. நன்னீர் தங்கச்சி, ஒருக்காப் பார்த்துத் தருவீங்களோ?

---

நன்னீர் எழுதியது:

கட்டாயம் அண்ணா, தனிமடலில் அனுப்புங்கள். இரண்டாவது கோரிக்கையில் ஒரு திருத்தம் சொல்வேன்: வி.எச்.எஸ்.ஸோ கோபியோ இருப்பதாக உறுதியான ஏரிகளில் பிடித்ததை அந்த அனுமதியிலிருந்து விலக்கி விடுங்கள். அதை நீங்களே எழுதினால் அவர்கள் மறுக்க ஒரு காரணம் குறையும். கோபியைக் காட்டும் ஒரு படத்தை நான் வரைந்து தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர் போட்டு அனுப்புகிறேன், தாங்கிக்கு மேலே ஒட்டுங்கள்.

---

வலைக்காரன் எழுதியது:

படத்திலை வயித்துச் செட்டையைப் பெரிசாப் போடுங்கோ அக்கா. முதுகுப் பொட்டு சின்னக் குஞ்சிலை வடிவாத் தெரியாது. கடிதத்திலை என்ரை கிழவரும் கையெழுத்து வைப்பார், சனிக்கிழமை போறன், கேட்டுக்கொண்டு வாறன்.